கூப்பனின் பின்பக்கம்

"மெதுவா உரிங்க சித்தப்பா. கிழிஞ்சிடப்போகுது."

"நீ ஒட்டின லட்சணம் அப்படி. இது பசையா, சிமெண்டா? முப்பது வருஷமா போஸ்டர் ஒட்டறவன்கூட இப்படி ஒட்டினதில்ல."

"முதல் பரிசுக் கூப்பனை மேடையில ஃப்ரேம் போட்டு வைக்கணும்னு நேத்தே சொல்லியிருந்தா ஒட்டியிருக்கவே மாட்டேன்."

"சொல்லுவே. சுவர் முழுக்கக் கூப்பனா இருக்கணும், வர்றவன் பார்த்து வாயைப் பொளக்கணும்னு குதிச்சது யாரு? நானா?"

குதித்தது அவள்தான். ஈரத்துணியைப் பிழிந்து அட்டையின் மேல் மறுபடி ஒற்றினாள்.

தியேட்டரின் முன்கூடத்தில், டிக்கெட் கவுண்ட்டருக்கு எதிரே, ஆளுயர அட்டைகள் ஆறு சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. அவற்றில் நானூற்றுப் பன்னிரண்டு கூப்பன்கள். ஒவ்வொன்றையும் அவளே வெட்டி, அவளே வரிசை எண் போட்டு, அவளே ஒட்டினாள். படங்களை அந்த வட்டாரத்துக்கு வாங்கி வெளியிடும் அலுவலகத்தில் விளம்பர வேலை அவளுக்கு. ரேடியோக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அவளைக் கூப்பிடும் பெயர் 'கூப்பன்'. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவர் அவள் அப்பாவின் தம்பி; தியேட்டரின் மேனேஜர்; இப்போது வேட்டி நுனியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டுக் கூப்பன் உரித்துக்கொண்டிருப்பவர்.

படத்தின் பெயர் 'உள்தாழ்ப்பாள்'. பெரிய முகம் எதுவும் இல்லாத பேய்ப்படம். ஊரைக் கூட்டிவர அவள் போட்ட திட்டம் இது: பத்திரிகையில் கால் பக்கக் கூப்பன் வரும். 'உங்களை உறைய வைத்த ஒரு நிமிடம்' என்று நூறு சொற்களுக்குள் எழுதிப் பெயரும் ஃபோன் எண்ணும் போட்டு அனுப்ப வேண்டும். முதல் பரிசு பெற்றவரை ரேடியோ, முன்கூட்டிச் சொல்லாமல், மாலை நாலு மணிக்கு நேரலையில் அழைக்கும். மறுநாள் காலை பத்திரிகை அவர் பெயரோடு கதையை அச்சிடும். 'ஒரு பக்கம் மட்டும் எழுதவும்' என்பது விதி. அதனால்தான் பின்பக்கம் பூராவும் தைரியமாகப் பசை தடவினாள்.

"அது சரி, லிஸ்ட் எங்கே?" என்றார் சித்தப்பா. "உன் லிஸ்ட் வந்தாத்தானே நான் டிக்கெட் எடுத்து வைக்க முடியும். யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்கு இன்னும் ஒரு பேரும் தெரியாது. அவங்களே கவுண்ட்டருக்கு வரட்டும், சொல்லிட்டேன். வீடு வீடாப் போய்க் கொடுக்க நான் தபால்காரன் இல்ல."

"சாயங்காலம் தரேன் சித்தப்பா. வந்துடுச்சு பாருங்க, விடாதீங்க."

கூப்பன் எண் இருநூற்று ஆறு கையோடு வந்தது. முதல் பரிசுக் கூப்பன். அதன் கதை அவளுக்கு மனப்பாடம்.

'மொட்டை மாடியில் ஏழு டிரம் இருந்தது. தண்ணீர் வராத மாதம். எல்லாம் காலி. நான் ஏழாவது டிரம்மில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தேடி வந்தவர் கையில் இரும்புக் குழாய். முதல் டிரம்மைத் தட்டினார். டொங். இரண்டாவது. டொங். ஆள் இருக்கிற டிரம்மின் சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆறாவதைத் தட்டியபோது என் பல் ஆடியது. அப்போது அவர் ஃபோன் அடித்தது. பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. பரிசு வந்தால் அவருக்குத்தான் சேர வேண்டும்.'

கீழே ஒரு பெண்ணின் பெயர். தையற்கடையின் ஃபோன் எண். பக்கத்தில், 'காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை நாலுக்கு மேல்.'

அவள் கூப்பனைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் மெத்தை விளம்பரம் ஒன்று அச்சாகியிருந்தது. வெள்ளை வெளேரென்ற பெரிய மெத்தை, ஓரத்தில் தூங்கும் பெண். அந்த மெத்தையின் வெண்மை முழுக்க எறும்பு ஊர்ந்தாற்போல் நீல மையில் எழுத்து. பசையில் கொஞ்சம் கரைந்திருந்தது. படிக்க முடிந்தது.

'இது நிஜமாக நடந்தது. என் பெயரைப் பேப்பரில் போட வேண்டாம். ரேடியோவில் டிரம் கதையைச் சொல்லவே வேண்டாம். கேட்டால் அவருக்கு நான்தான் என்று தெரிந்துவிடும். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். டிரம்மில் என் மடியில் பாப்பாவும் இருந்தாள். அதை முன்பக்கம் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். பரிசு வேண்டாம்.'

சித்தப்பா அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். படித்து முடித்தபோது மடித்துக் கட்டியிருந்த வேட்டி நுனி அவிழ்ந்து ஈரத்தில் விழுந்தது.

"அடிப்பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

ரேடியோவுக்கு முன்னோட்ட வரியை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். நேற்று மாலையிலிருந்து மணிக்கொரு தரம் ஊரெல்லாம் அது ஒலித்துக்கொண்டிருக்கிறது. 'ஏழு டிரம். ஓர் இரும்புக் குழாய். ஆறு தடவை டொங். ஏழாவதில் இருந்தவர் நாலு மணி நிகழ்ச்சியில் நம்மோடு பேசுவார்.' எழுதி முடித்ததும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு டீ குடித்தாள்.

தையற்கடைக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது, நாலு மணிவரை கடை பூட்டியிருக்கும். நாலு மணிக்குத் திறந்ததும் அந்தக் கடைக்கு வரப்போகும் முதல் அழைப்பு ரேடியோவுடையது. ஊரே கேட்க, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி.

ரேடியோ அறிவிப்பாளருக்கு அழைத்தாள். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் ஃபோனை அணைத்துவிடுவார். நிலைய எண்ணோ ஓயாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

"நேர்லயே போ," என்றார் சித்தப்பா. "என் ஸ்கூட்டரை எடுத்துக்க. பிரேக் கொஞ்சம் அப்படி இப்படித்தான், பார்த்து."

கூப்பனை ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பாலத்தடியில் சிக்னல் மாட்டியது. சாவி செய்யும் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு அறுந்து, அவளுடைய வரி வந்தது. டொங், டொங் என்று யாரோ சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். சாவிக்காரர் அரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவனும் கேட்டான். அவன் கேட்ட விதத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் அந்த ஆறு டொங்கைத் தட்டியவனாக இருக்கலாம் என்று அப்போது உறைத்தது.

ரேடியோ நிலையம் மூன்றாம் மாடியில். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறினாள். வரவேற்பு மேசைப் பெண் ஒரு காதில் ஃபோனும் மறுகாதில் இன்னொரு ஃபோனுமாக இருந்தாள். அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்து, கட்டைவிரலால் உள்ளே காட்டினாள்.

அறிவிப்பாளரை எல்லாரும் 'நாலுமணி' என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருடமாக அதே நேரம், அதே நாற்காலி. தேனில் குழைத்த குரல்; ஆள் மட்டும் கருவாடு. கண்ணாடி அறைக்குள் மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா கூப்பன்! இன்னிக்கு ஊரே நம்ம பக்கம். காலையிலேருந்து முன்னூறு ஃபோன். டிரம் யாரு, டிரம் யாருன்னு என் பொண்டாட்டியே கேக்கறா. பதினாறு வருஷத்துல அவ என் நிகழ்ச்சியைப் பத்திக் கேட்டது இதான் முதல் தடவை."

"அண்ணே, அந்தக் கதை வேண்டாம். ரெண்டாம் பரிசை முதலாக்கிடுங்க."

"என்ன விளையாடறியா?"

"இல்லண்ணே. அந்தப் பொண்ணைக் கூப்பிடக் கூடாது. பேரைச் சொல்லக் கூடாது."

"பயந்ததை எழுதுன்னு சொன்னது நீ. நல்லாப் பயந்து எழுதினா வேண்டாங்கறதும் நீ. நான் என்ன உன் வீட்டுப் பொம்மையா, சாவி கொடுத்தா ஆடறதுக்கு? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு கண்ணு. போய்த் தண்ணி குடி."

அவள் உறையிலிருந்து கூப்பனை எடுத்து, மெத்தைப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் தாள்களின்மேல் வைத்தாள். ஈரம் தாளில் பரவியது.

"என்ன இது, ஈரமா..." என்றவர், பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் குரல் தணிந்தது. நாலாவது வரியில் உதடு மட்டும் அசைந்தது. கால் மேசையிலிருந்து கீழே இறங்கியது.

"இதை ஏன் முன்னாடியே பார்க்கல?"

"ஒட்டிட்டேண்ணே. பின்பக்கத்தை யாரு பார்ப்பாங்கன்னு ஒட்டிட்டேன்."

"நேத்திலேருந்து அந்த முன்னோட்டம் எத்தனை தடவை போயிருக்கும்?"

"பதினெட்டு."

"பதினெட்டு தடவை," என்றார் அவர். "என் வாயால." கூப்பனை விரல் நுனியால் தள்ளி வைத்தார், சுடுவதுபோல.

"இன்னொண்ணு கேக்கறேன்ணே. சும்மா விட்டா சந்தேகம் வரும். அந்தக் கதை கட்டுக்கதைன்னு சொல்லிடுங்க. எழுதினது ஒரு ஆம்பளைன்னு சொல்லிடுங்க. கேக்கறவன் குழம்பிப் போகணும்."

"பொய் சொல்லச் சொல்றே. மைக்ல."

"ஆமா."

"மைக்ல நான் மழை வரும்னு சொல்லி வராமப் போயிருக்கு. அதைத் தவிர ஒரு பொய் சொன்னதில்ல, தெரியுமா?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆம்பளைன்னா எப்படிப்பட்ட ஆம்பளை?"

"ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்."

"ஏன் கணக்கு வாத்தியார்?"

"டிரம்மை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணியிருக்காரே."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "போ, அந்தப் பத்திரிகைக்காரனைப் பிடி," என்றார். "நான் நிறுத்தினா அவன் விடமாட்டான். நாலேகாலுக்குப் பக்கத்தை முடிச்சிடுவான்."

கூப்பனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வரவேற்பு மேசையில் ஒரு ஃபோனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பத்திரிகைக்கு அழைத்தாள். இணைப்பிதழ் பக்கத்தைப் பார்ப்பவருக்குப் பெயர் 'கத்திரி'. எதைக் கொடுத்தாலும் பாதி வெட்டுவார்.

"பக்கம் போயாச்சு," என்றார் கத்திரி, அவள் வாய் திறக்கும் முன்பே. அவரிடம் எல்லாரும் எதையோ மாற்றச் சொல்லித்தான் அழைப்பார்கள் போலிருக்கிறது.

"போனதைத் திருப்பிக் கூப்பிட முடியாதா சார்?"

"அது என்ன என் மச்சானா, வெளியே போனவனைக் கூப்பிட?"

"சார், ஒரு உயிர் விஷயம். அந்தக் கதையும் பேரும் அச்சாச்சுன்னா ஒரு பொண்ணைத் தேடிக் கொல்ல ஆள் வரும். ஏத்தி இறக்கிச் சொல்லல. என் கையில அவங்களே எழுதின காகிதம் இருக்கு."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை, யாரிடமோ, "டேய், எட்டாம் பக்கத்தை நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து," என்று கத்தும் குரல்.

"நூறு வார்த்தை," என்றார் திரும்பி வந்து. "அதே அளவு. ஒரு வார்த்தை கூடினா வெட்டுவேன், குறைஞ்சா உன்னைத் திட்டுவேன். இருபது நிமிஷம் இருக்கு. சொல்லு."

இரண்டாம் பரிசுக் கதையை அவள் நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மின்சாரம் போன லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்ட எலக்ட்ரீஷியன், இருட்டில் பாட்டு முணுமுணுக்கிறார். மறந்துபோன வரியைப் பக்கத்தில் யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள். பாதியில் கண்ணாடி அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மணி நாலு. ஒரு காதில் கத்திரி, "இந்த 'மிகவும்' எதுக்கு?" என்று வெட்டிக்கொண்டிருந்தார். மறுகாதில், மேசையின் ஒலிபெருக்கியில், நாலுமணி ஊருக்கு வணக்கம் சொன்னார்.

"...அன்பர்களே, ஏழாவது டிரம்முக்காகக் காத்திருந்தீர்கள். ஒரு வருத்தமான செய்தி. அல்லது வேடிக்கையான செய்தி. அந்த டிரம்முக்குள் யாருமே இல்லை. அதை எழுதியவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர். முழுக்கவும் கற்பனை என்று இன்று மதியம் நம்மிடம் ஒப்புக்கொண்டார். நடந்ததை எழுதுங்கள் என்பதுதானே விதி? ஆகவே ஐயாவுக்கு மதிப்பெண் பூஜ்யம்..."

அந்தக் குரலில் ஒரு சுருக்கம் இல்லை. தேன் அப்படியே ஒழுகியது. அவளே ஒரு கணம் அந்த வாத்தியாரை நம்பினாள். மூக்குக்கண்ணாடியும் குடையுமாக ஆள் கண்ணில் தெரிந்தார்.

"தலைப்பு?" என்றார் கத்திரி.

"இருட்டில் ஒரு வரி."

"தலைப்பு மூணு வார்த்தை தாங்காது. 'லிஃப்டில் யார்?' போட்டுடறேன். ஆச்சு. போயிடுச்சு." பிறகு, எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நல்லவேளை கூப்பிட்டேம்மா."

அவள் ஃபோனை வைத்தாள். மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். ரேடியோவை அடைத்தாயிற்று. பத்திரிகையை அடைத்தாயிற்று. ஒலிபெருக்கியில், நாலுமணி ஃபோனில் அழைத்திருந்த எலக்ட்ரீஷியன் திக்கித் திக்கிப் பாடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்கக்கா," என்று பாட்டிலை நீட்டினாள் வரவேற்பு மேசைப் பெண். "முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்போ அந்த டிரம் கதைக்குப் பரிசே கிடையாதா?"

"கிடையாது."

"அடடா. அவங்களுக்கு டிக்கெட் எல்லாம் ரெடியாயிடுச்சே."

பாட்டில் வாயருகே நின்றது. "என்ன டிக்கெட்?"

"தியேட்டர்லேருந்து காலையில கூப்பிட்டாங்களே. டிரம் கதை எழுதினவங்களுக்கு நாங்களே நேர்ல டிக்கெட் கொடுக்கப்போறோம், நம்பர் கொடுங்கன்னு. நீங்க கொடுத்த லிஸ்ட் இங்கேதானே இருந்துச்சு. பார்த்துச் சொன்னேன்." அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. "கொடுக்கக் கூடாதாக்கா?"

"யார் பேசினது? ஆம்பளையா?"

"இல்லக்கா, ஒரு லேடி. நல்லா மரியாதையாத்தான் பேசினாங்க. அவங்க பேரைக்கூட, 'அவங்க பேரு இதுதானே'ன்னு அவங்களே சொன்னாங்க."

தியேட்டரில் அவள் சித்தப்பாவைத் தவிர ஃபோனில் பேசுகிறவர் கிடையாது. சித்தப்பாவுக்கு இன்னும் ஒரு பெயரும் தெரியாது. வீடு தேடிப் போய்க் கொடுக்க அவர் தபால்காரர் இல்லை.

மணி நாலு இருபத்தொன்று. தையற்கடை எண்ணை அழுத்தினாள். ஒரு எண் தவறி, அழித்து, மறுபடி அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னணியில் தையல் மெஷின் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"தையற்கடைங்க."

அவள் கூப்பனில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"நான்தான். சொல்லுங்க."

"நான் அந்தப் போட்டி நடத்தினவ. உள்தாழ்ப்பாள் படத்துக்கு. உங்க கூப்பன்..."

"ஐயோ, அக்கா! நீங்களா?" குரலில் திடீரென்று வெளிச்சம் வந்தது. மெஷின் நின்றது. "இப்பத்தான் ரேடியோ கேட்டேன். கணக்கு வாத்தியாராம்! எனக்குச் சிரிப்பு தாங்கல. என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொல்லச் சொன்னீங்க? நேத்து அந்த டிரம் வரியைக் கேட்டதும் உசிரே போயிடுச்சு. ராத்திரி பூரா மூட்டை கட்டறதும் பிரிக்கறதுமா இருந்தேன். அப்புறம் காலையில உங்க ஆளு பேசின பிறகுதான் மனசு நின்னுச்சு."

"என்ன பேசினாங்க?"

"பயப்படாதீங்க, உங்க பேர் வெளிய வராது, டிக்கெட்டை நாங்களே கொண்டுவந்து தரோம்னாங்க. முதல்ல எனக்கு நம்பிக்கை வரலக்கா. சும்மா சொல்லக் கூடாது, நானும் உஷாரான ஆளுதான். விலாசம் தர மாட்டேன்னுட்டேன். அப்புறம் அவங்களே, 'பாப்பாவுக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கோம்'னாங்க. அப்பத்தான் சரின்னு சொன்னேன். பாப்பாவைப் பத்திப் பின்பக்கம்தானே எழுதியிருந்தேன்? அப்போ படிச்சிருக்காங்க, நம்ம ஆளுங்கதான்னு..."

மேசைமேல் அந்தக் கூப்பன் கிடந்தது. மெத்தையின் வெண்மையில் நீல எழுத்து. இன்று மதியம்வரை அந்தப் பக்கத்தைப் பார்த்தது பசை ஒன்றுதான்.

"பாப்பா எங்கே இருக்கா?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இங்கதான், கட்டிங் மேசைக்கு அடியில விளையாடறா. ஏன்க்கா?"

"கடைக்குப் பின்கதவு இருக்கா?"

"இல்லையே. முன்பக்கம் ஷட்டர் ஒண்ணுதான். எதுக்குக் கேக்கறீங்க?"

"எத்தனை மணிக்கு வரேன்னு சொன்னாங்க?"

"நாலரைக்கு. இதோ, கொஞ்சம் முன்னாடியே வந்துட்டாங்க போல. எதிர்ல கார் ஒண்ணு நிக்குது. ஒரு அம்மா இறங்கறாங்க, கையில வெள்ளைக் கவர் வெச்சிருக்காங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க." மெஷினை விட்டு எழும் ஓசை கேட்டது. "காருக்குள்ள இன்னும் யாரோ இருக்காங்க. கண்ணாடி கறுப்பா இருக்கு, முகம் தெரியல."

"ஷட்டரை இறக்குங்க. இப்பவே. கேக்குதா? ஷட்டரை இறக்கிட்டு..."

ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அந்தக் குரல், படிப்படியாக, டிரம்முக்குள் இறங்கிப் போனதுபோல் ஆழத்திலிருந்து வந்தது.

"அக்கா, அவங்க தியேட்டர் ஆளுங்கதானே? நீங்க அனுப்பினவங்கதானே? ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."